தாய்க்கே தெரியாமல் வந்துபோகும் அம்மை

திருமழிசையாழ்வார் பிறந்த கதை திருமழிசை ஊர்க்காரர்களுக்கு மனப்பாடம். பன்னிரண்டு மாதம் வயிற்றில் இருந்து, கையும் காலும் இல்லாத பிண்டமாகப் பிறந்தார். பெற்றவர்கள் மூங்கில் புதரடியில் விட்டுப் போனார்கள். பெருமாள் அருளால் முழுக் குழந்தையாகி அழுதார். திருவாளன் எடுத்து வளர்த்தார். பிறவிக் குறை என்றதும் நம் மனம் இப்படித்தான் கற்பனை செய்கிறது: பார்த்த மாத்திரத்தில் தெரிகிற குறை. ருபெல்லா என்ற அம்மை வேறு மாதிரி. அது தாக்கிய பிள்ளைக்குக் கையும் காலும் சரியாகவே இருக்கும். கெட்டுப்போயிருப்பது கண்ணின் லென்ஸ், உள்காது, இதயத்தின் ஒரு சிறிய ரத்தக்குழாய்.

தாய்க்கு வரும் நோயோ அற்பமானது. லேசான காய்ச்சல், முகத்தில் தொடங்கி உடம்பில் இறங்கும் சிவப்புத் தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறிகட்டுதல். மூன்று நாளில் போய்விடும். அம்மை என்று வாசலில் வேப்பிலை செருகக்கூட யாருக்கும் தோன்றாது. தொற்றியவர்களில் கணிசமானவர்களுக்குத் தடிப்பே தெரிவதில்லை. 2020 மே மாதம் கோயம்பேட்டில் கொரோனா பரவி, காய்கறிச் சந்தையே திருமழிசைக்கு இடம் மாறியதே, அந்த வைரஸ் கர்ப்பிணிகளைத்தான் படுத்தியது. வயிற்றுப் பிள்ளைக்கு நேராகத் தொற்றுவது அரிதாக இருந்தது. ருபெல்லா தாயை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பிடிக்கிறது.

எந்த வாரத்தில் பிடிக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கர்ப்பத்தின் முதல் 12 வாரங்களுக்குள் தாய்க்குத் தொற்றினால் குழந்தை பாதிக்கப்படும் வாய்ப்பு 90 சதவீதம் வரை போகிறது. 20 வாரம் தாண்டிவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. கரு உண்டான மூன்று வாரத்திலேயே இதயம் துடிக்கத் தொடங்குகிறது. அப்போது பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே உறுதியாகத் தெரிந்திருக்காது. அடுத்த சில வாரங்களில், முகத்தோலாக மாறவேண்டிய படலத்தின் ஒரு துளி உள்ளே குழிந்து, கழன்று, லென்ஸாகிறது. அதைச் சுற்றி உறை மூடுவதற்கு முன் வைரஸ் உள்ளே நுழைந்துவிட்டால் அங்கேயே தங்கிவிடும். பிறந்து பல மாதங்கள் கழித்து அறுவை சிகிச்சையில் எடுத்த லென்ஸிலும் உயிருள்ள வைரஸ் கிடைத்திருக்கிறது.

இந்த வைரஸ் செல்களைக் கூட்டமாகக் கொல்வதைவிட, அவை பிரிந்து பெருகுவதை மந்தப்படுத்துகிறது. நுண்ணிய ரத்தக்குழாய்களையும் சேதப்படுத்துகிறது. கோலத்துக்குப் புள்ளி வைக்கும்போதே ஒன்று தவறினால் அதன்மேல் போடும் கோடெல்லாம் கோணும். முடித்த கோலத்தில் கால் பட்டால் அந்த இடம் மட்டும்தான் கலையும். அதனால்தான் ஆரம்ப வாரங்களில் தொற்றினால் கண், காது, இதயம் மூன்றும் சேர்ந்து கெடுகின்றன. நான்காம் மாதத்தில் என்றால் பெரும்பாலும் காது மட்டும்.

இதை முதலில் கவனித்தவர் ஒரு கண் மருத்துவர். 1941இல் சிட்னியில் நார்மன் கிரெக், புரைவிழுந்த கண்ணோடு பிறந்த குழந்தைகள் திடீரென்று பெருகுவதைப் பார்த்தார். தானும் பிற மருத்துவர்களும் பார்த்த 78 குழந்தைகளில் 68 பேரின் தாய்மார்களுக்குக் கர்ப்பத்தில் ருபெல்லா வந்திருந்தது. அது போர்க்காலம், இளைஞர்களை முகாம்களில் நெருக்கி வைத்திருந்ததில் நோய் பரவியது. கரு என்றால் பத்திரமான இடம், நோய் எட்டாது என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலம் அது. பலர் அவரை நம்பவில்லை. ருபெல்லா வைரஸையே 1962இல்தான் பிரித்தெடுத்தார்கள்.

தமிழ்நாட்டிலும் கண் மருத்துவர்களே முந்திக்கொண்டார்கள். மதுரை அரவிந்த் மருத்துவமனையின் ஆய்வு ஒன்று 1996இல் வெளியானது. கண்புரையோடு வந்த, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் காரணம் ருபெல்லா. திருமழிசைக்கு அருகே, அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம், 2016இல் இந்தக் குழந்தைகளைத் தேடும் கண்காணிப்பைத் தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டுகளில் நாட்டின் சில பெரிய மருத்துவமனைகளில் சந்தேகப்பட்ட 645 குழந்தைகளில் 137 பேருக்கு உறுதியானது. ஐந்தில் நால்வருக்கு இதயக் கோளாறு.

எப்படி உறுதிசெய்கிறார்கள் என்பது அழகான விஷயம். நோய்க்கு எதிராக உடல் முதலில் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளையும், பிறகு ஐஜிஜி என்ற நீடித்த எதிர்ப்பொருளையும் செய்கிறது. ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். தாய் தரும் சீதனம். பெரிய உருவமான ஐஜிஎம் போக முடியாது. பச்சிளம் குழந்தையின் ரத்தத்தில் ருபெல்லாவுக்கான ஐஜிஎம் இருந்தால், அதைக் குழந்தையே வயிற்றுக்குள் இருந்தபடி தயாரித்திருக்கிறது.

பிறந்த பிறகும் காலக்கெடு உண்டு. மூளையின் பார்வைப் பகுதி முதல் சில மாதங்களில் வெளிச்சத்தையும் முகங்களையும் பார்த்துப் பார்த்துத்தான் பழகுகிறது. புரையைத் தாமதமாக எடுத்தால் கண் தெளிந்தாலும் பார்வை முழுதாக வராது. கேட்டுப் பழகவேண்டிய பேச்சும் அப்படியே. பாத்திரம் விழுந்த சத்தத்துக்குக் குழந்தை திரும்பவில்லை என்று பாட்டி சொன்னால், ‘போகப் போகச் சரியாயிடும்’ என்று தள்ளிப்போடக் கூடாது. பாதிப்பு கண், காதோடு நிற்பதுமில்லை. 1964இல் அமெரிக்காவில் பெரிய அளவில் ருபெல்லா பரவியபின், பாதிக்கப்பட்டுப் பிறந்த 243 குழந்தைகளை நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ் ஆராய்ந்தார். வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமானவர்களிடம் ஆட்டிசம் இருந்தது.

ருபெல்லாவுக்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் அதில் ஒரு விபரீதம் இருக்கிறது: அரைகுறையாகப் போட்டால், போடாததைவிட மோசமாகலாம். கிரேக்க நாட்டில் 1970களிலிருந்து பாதிக்கும் குறைவான குழந்தைகளுக்கே போட்டார்கள். சிறுவயதில் வந்துபோகும் நோய் குறைந்தது. எதிர்ப்புச் சக்தி இல்லாமலேயே பெண்கள் வளர்ந்தார்கள். 1993இல் நோய் பரவியபோது 25 குழந்தைகள் பாதிப்போடு பிறந்தன. வசதியுள்ளவர்கள் மட்டும் தனியார் மருத்துவமனையில் போட்டுக்கொள்ளும் ஊசியாக இது இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. பையன்களுக்கு எதற்கு என்றும் கேட்டார்கள். ருபெல்லாவுக்கு மனிதனைத் தவிர வேறு தங்குமிடம் இல்லை. பையனிடம் தங்கினால் கர்ப்பமான அண்ணியிடமோ அவனுடைய டீச்சரிடமோ போகும்.

அப்போது ஊசி 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு. அதாவது, 2002க்கு முன் பிறந்த பெண்கள் விடுபட்டார்கள். நாட்டின் பல மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளைச் சோதித்ததில் சுமார் 83 சதவீதம் பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது; ஆறில் ஒருவருக்கு இல்லை. கல்யாணம் ஆனவுடனேயே ஒரு ரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். இல்லையென்றால் ஊசி போட்டு ஒரு மாதம் பொறுத்துக் கரு தரிக்கலாம். முழுகாமல் இருக்கும்போது அந்த ஊசி கூடாது. உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் அதில் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி இல்லாத கர்ப்பிணிக்கு அந்த ஒன்பது மாதமும் காவல், 9 மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் தவறாமல் ஊசி போட்டுக்கொண்ட பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தான்.