கன்ட்ரோலா... கமாண்டா... கவர்னா?!

பருத்திப்பட்டு பஸ் ஸ்டாப்பில் ஃபைனல் இயர் நண்பன் ஒருத்தன் தன் ரெஸ்யூமேவை நீட்டினான். நடுவில் போல்ட் எழுத்தில் ஒரு வரி: ‘ஐ கன்ட்ரோல்ட் ட்வென்டி மெம்பர்ஸ்’. சிம்போசியத்தில் இருபது பேர் டீமை நடத்தினானாம். மாக் இன்டர்வியூவில் இதைப் படித்த சீனியர் கேட்டது ஒரே கேள்விதான்: ‘‘ஏன்டா, அவ்ளோ அடங்காத பசங்களா?’’

சிரிச்சாச்சா? இப்ப உங்க ரெஸ்யூமேவை எடுங்க பாஸ். அதிகாரம் செலுத்துறதுக்கு இங்கிலீஷ்ல ஏகப்பட்ட வினைச்சொற்கள். டிக்‌ஷனரி எல்லாத்துக்கும் ‘ஆளு, அடக்கு, கட்டளையிடு’ன்னு போட்டுட்டு கழண்டுக்கும். ஹெச்.ஆர். அப்படிக் கழண்டுக்க மாட்டார்!

பாடம் படிக்க ரொம்ப தூரம் போக வேணாம். பக்கத்துல ஆவடி இருக்கு. 1965-ல் விஜயந்தா டாங்க் வெளிவந்த கனரக வாகனத் தொழிற்சாலை அங்கேதான். அங்கே தயாரான அர்ஜுன் டாங்க்கில் நாலு பேர்: கமாண்டர், கன்னர், லோடர், டிரைவர். கமாண்டர் ‘சுடு’ன்னா அது ஆர்டர், ஒற்றை உத்தரவு. அந்த டாங்க்கும் மூணு பேர் உயிரும் அவர் பொறுப்பில் இருக்கே, அது கமாண்ட். ஹோட்டல்ல தோசையை ஆர்டர் பண்ணலாம். கமாண்ட் பண்ணிப் பாருங்க, சப்ளையர் முறைப்பார்!

அடுத்தது நம்ம மெக்கானிக்கல் மக்களுக்கு அல்வா மாதிரி மேட்டர். 1788-ல் ஜேம்ஸ் வாட் நீராவி இன்ஜினில் பொருத்தின கவர்னர் ஞாபகம் இருக்கா? ரெண்டு குண்டு சுத்தும். வேகம் கூடினா விலகும், நீராவி வால்வு மூடும். வேகம் குறைஞ்சா குண்டு இறங்கும், வால்வு திறக்கும். கவர்னர் இன்ஜினை ஓட்டுறதில்லை, எல்லை தாண்டாம பார்த்துக்குது. ‘கவர்ன்’ என்ற சொல்லுக்கு மூலமே கிரேக்கத்தில் கப்பலுக்குச் சுக்கான் பிடிக்கிற வேலைதான். நார்பர்ட் வீனர் 1948-ல் ‘சைபர்னெடிக்ஸ்’னு பெயர் வெச்சது அதே வேர்ல இருந்துதான். ஸோ, சட்டதிட்டத்துக்கு உட்பட்டு நடத்தினா கவர்ன். ‘ரூல்’னா ஆள்பவரோட பிடிதான் முன்னாடி தெரியும். பிரிட்டிஷ்காரங்க இந்தியாவை ரூல் பண்ணாங்க என்கிறோமே, அந்த மாதிரி.

‘ரெய்ன்’ கதையே வேற. இரண்டாம் எலிசபெத் 1952-லிருந்து 2022 வரை 70 வருஷம் ரெய்ன் பண்ணார். அந்தக் காலத்தில் கவர்ன் பண்ணது சர்ச்சில் முதல் லிஸ் டிரஸ் வரை 15 பிரதமர்கள்! நம்ம ஊர் கூத்து இதுக்கும் மேல. மாநிலத்தில் கவர்னர் என்ற பெயர் ஒருத்தருக்கு. ஆனா, அரசியல் சட்டத்தின் 163-வது பிரிவுப்படி அவருக்கு உதவியும் ஆலோசனையும் தர்ற அமைச்சரவைதான் பொதுவா நிஜத்தில் கவர்ன் பண்ணுது. 239-வது பிரிவு யூனியன் பிரதேசங்களுக்கு ‘அட்மினிஸ்டர்’னு சொல்லுது. அதாவது, அன்றாட நிர்வாகம் நடத்துறது. நர்ஸ் ஊசி போடுறதுக்கும் அதே வார்த்தைதான் (ரெண்டுமே வலிக்கும்!).

சரி, நண்பனோட கன்ட்ரோலுக்கு வருவோம். பழைய ஐரோப்பாவில் கணக்கைச் சரிபார்க்க இன்னொரு நகல் ஏடு வெச்சிருப்பாங்க. அந்த ‘எதிர் ஏடு’தான் கன்ட்ரோல் என்ற சொல்லோட தாய். ஆக, முதல் அர்த்தம் சரிபார்க்கிறது. அடக்குறது அப்புறமா வந்து ஒட்டிக்கிட்டது. நாம நடுங்குற கன்ட்ரோலர் ஆஃப் எக்ஸாமினேஷன்ஸ்கூட கன்ட்ரோல் பண்றது பரீட்சையை, நம்மை இல்லை. ஆட்களை வழிநடத்தினா ‘லெட்’. வேலையைப் பிரிச்சுக் கொடுத்து, பணம், நேரம் எல்லாம் பார்த்தா ‘மேனேஜ்ட்’. பக்கத்தில் நின்னு வேலையைக் கவனிச்சா ‘சூப்பர்வைஸ்ட்’. ஒண்ணுமே பண்ணாம பேட்ஜ் மட்டும் குத்திக்கிட்டிருந்தா அந்த வரியையே அடிச்சுடுங்க, ப்ளீஸ்.

தமிழும் இதில் லேசுப்பட்டது இல்லை. ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆச்சு, ஒரு ஆணையர் வந்தார். 2022 ஜனவரி 1-ல் தனி போலீஸ் கமிஷனரேட் ஆச்சு, இன்னொரு ஆணையர். ‘கமிஷனர்’னா இங்கிலீஷ்ல ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர். தமிழில் அவர் ஆணையிடுபவர் ஆகிட்டார்! ‘பணித்தார்’னா கட்டளையிட்டார், ‘பணிந்தார்’னா கீழ்ப்படிந்தார். ஒரே வேர், ரெண்டு எதிர் முனை. ரெண்டுக்கும் நடுவுல நாம தேடி அலையுற பணி!

பருத்திப்பட்டு ஏரிப் பூங்கா பக்கம் உங்க தெருவில் லைட் எரியலையா? மாநகராட்சி ஆணையருக்கு இங்கிலீஷ்ல மனு எழுதறீங்கன்னா, அதிகாரிகளை ‘கமாண்ட்’ பண்ணச் சொல்லிக் கேட்காதீங்க. ‘டைரக்ட்’னு எழுதுங்க. எந்த வேலையை யார் செய்யணும்னு மேலிருந்து காட்டிவிடுற சொல் அதுதான். மனுவுக்குக் கொடுக்கிற ஒப்புகைச் சீட்டை மறக்காம வாங்கிக்குங்க.