கையெழுத்திடும் முன்

சென்ற ஆண்டு ஒரு பெரிய மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு வெளியே, உறவினர் ஒருவருக்குத் துணையாக நான் காத்திருந்தபோது, அதே பெஞ்சியில் பதினேழு வயது மகனோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், மடியில் வைத்திருந்த படிவத்தின் கடைசிப் பக்கங்களில் ஓரிடத்தில் விரலை வைத்து, "அண்ணா, இதுல நாமினி பேரு கேட்டிருக்காங்க பாருங்க. எல்.ஐ.சி.க்குத்தான் நாமினி போடுவாங்க. மாத்திரை குடுக்கிறதுக்கு எதுக்குங்க நாமினி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பையனுக்கு முழங்காலின் மேலே தொடங்கிய எலும்புப் புற்று, கீமோவும் அறுவை சிகிச்சையும் முடிந்து ஓராண்டு அடங்கியிருந்து, இப்போது நுரையீரலில் சிறு சிறு புள்ளிகளாகத் திரும்பியிருந்தது. புதிய மருந்தின் பரிசோதனையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, இருபது பக்கங்களுக்குக் குறையாத அந்தப் படிவத்தைக் கொடுத்த இளைஞர், "மத்தியானத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்திடுங்கம்மா" என்று கூறிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாராம். அந்தத் தாயின் கேள்வி மிக நியாயமானது. விடை சொல்லக் கடமைப்பட்டவர் சொல்லாமல் போனதும், மத்தியானம் என்று கெடு விதித்ததும் பெரும் பிழைகள். அந்த நாமினிப் பத்தி ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த விஷயத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும். ஆனால் அதற்கு முன் வியாதியைப் பற்றிச் சிறிது சொல்லியாகவேண்டும்.

எலும்பு, தசை, கொழுப்பு, குருத்தெலும்பு, இரத்தக் குழாய் என்று உடலைத் தாங்கியும் பிணைத்தும் நிற்கும் திசுக்களில் உண்டாகும் புற்றுநோய்களுக்குச் சார்கோமா என்று பெயர். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது நூற்றில் ஒன்று என்ற அளவிலேயே காணப்படுகிறது. குழந்தைகளிடத்திலும் வாலிபர்களிடத்திலும் இதன் பங்கு பன்மடங்கு அதிகம். அந்த ஒன்றும் ஒரே வியாதியன்று. ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் அதற்குள் உண்டு, ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றொன்றுக்குக் கேட்பதில்லை. தொடையில் வலியின்றி வளரும் கட்டியைக் கொழுப்புக் கட்டி என்று எண்ணிப் பயாப்ஸி இல்லாமலே வெட்டி எடுத்துவிடுவதும், பையனின் முழங்கால் வீக்கத்தைச் சுளுக்கென்று நினைத்து எண்ணெய் தடவிக் கட்டுப்போட்டு மாதங்களைக் கழிப்பதும் நம் ஊர்களில் இன்றும் நடக்கின்றன. எந்த வகைச் சார்கோமா என்பதை அனுபவமுள்ள நோய்க்குறியியல் நிபுணர் பார்த்து உறுதி செய்யாத வரையில், புதிய மருந்தைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை.

வியாதி அரிதாக இருப்பதால் விளையும் ஒரு விசேஷத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சர்க்கரை வியாதிக்கான மருந்தைச் சோதிக்க ஆயிரக்கணக்கானோர் கிடைப்பார்கள். சார்கோமாவில் அப்படியில்லை, விரல் விட்டு எண்ணக்கூடிய மனிதர்களே உலகம் முழுவதிலும் உள்ள சிகிச்சை முறையை மாற்றியிருக்கிறார்கள். கையிலோ காலிலோ சார்கோமா வந்தால் உறுப்பை வெட்டி அகற்றுவதே வழி என்றிருந்த காலத்தில், அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 43 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உறுப்பை அகற்றியும் மற்றப் பிரிவினருக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தும் பார்த்தார்கள். உயிர் பிழைத்திருப்பதில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 1982-ல் வெளியிட்டார்கள். இன்று எத்தனையோ பேர் சொந்தக் காலில் நடப்பது அந்த 43 பேரின் புண்ணியம். எலும்புச் சார்கோமாவை அறுத்து எடுத்தபின் கீமோ அவசியமா என்ற விவாதத்தை 36 பேரைக் கொண்ட பரிசோதனை முடித்துவைத்தது: 1986-ல் வெளியான அதன் முடிவின்படி, கீமோ பெறாதவர்களில் இரண்டாண்டுக்குப் பின்னும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர், பெற்றவர்களில் அறுபத்தாறு பேர். வயிற்றிலும் குடலிலும் வரும் ஜிஸ்ட் என்னும் வகைக்குக் கீமோ மருந்துகள் எதுவும் பயன்படாதிருந்த நிலையில், 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் ஒரே ஒரு பெண்மணிக்கு இமாடினிப் மாத்திரை கொடுத்துப் பார்க்கப்பட்டது; சில வாரங்களில் கட்டிகள் சுருங்கத் தொடங்கின; தொடர்ந்து நடந்த பரிசோதனைகளின் பலனாக 2002-ல் அம்மாத்திரை அமெரிக்காவில் அவ்வியாதிக்கு அங்கீகாரம் பெற்றது. ஆகவே பரிசோதனைக்கு அழைக்கப்படும் சார்கோமா நோயாளி, தயவை நாடி வாசலில் நிற்பவர் அல்லர். அவரிடமிருந்துதான் விஞ்ஞானம் ஒன்றைக் கேட்டு நிற்கிறது. இதை மனத்தில் உறுதியாகப் பற்றிக்கொண்டு பேசத் தொடங்கினால், பெஞ்சியில் உட்கார்ந்திருப்பவரின் குரல் தானே நிமிரும்.

ஆனால் கேட்பது பரீட்சைக்கு, சிகிச்சைக்கு அன்று என்பதையும் மறைக்கலாகாது. புதிது என்ற சொல்லுக்கு மேலானது என்ற அர்த்தத்தை நாம் சற்றும் யோசிக்காமல் கொடுத்துவிடுகிறோம். ஓலராடுமாப் என்ற மருந்தின் கதையை ஒவ்வொரு சார்கோமாக் குடும்பமும் அறிந்திருக்கவேண்டும். 133 பேரை வைத்து நடந்த இரண்டாம் கட்டப் பரிசோதனையில், பழைய மருந்தான டாக்சோருபிசினை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 14.7 மாதம் என்றும், ஓலராடுமாபையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 26.5 மாதம் என்றும் தெரிந்தபோது மருத்துவ உலகமே மகிழ்ந்தது. 2016 அக்டோபரில் அமெரிக்க அரசு விரைவு அங்கீகாரமும் அளித்தது. உறுதிசெய்துகொள்வதற்காக 509 பேரிடம் நடத்திய மூன்றாம் கட்டப் பரிசோதனையின் முடிவு 2019 ஜனவரியில் வெளிவந்தபோது, பழைய மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 19.7 மாதம், இரண்டும் பெற்றவர்களுக்கு 20.4 மாதம், அதாவது பயனென்று சொல்ல ஒன்றுமில்லை. மருந்து சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அந்த 509 பேரில் பாதிப்பேருக்குக் கிடைத்தது பழைய மருந்து மட்டுமே; அவர்கள் ஏமாற்றப்பட்டதாக யாரும் நினைக்கக்கூடும். உண்மையில் அவர்கள் இழந்தது ஒன்றுமில்லை, அவர்கள் இல்லாமல் உண்மை வெளிப்பட்டிருக்கவும் முடியாது.

யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழையது என்பதை டாக்டரோ நோயாளியோ தேர்ந்தெடுக்காமல் கணினி குலுக்கிப் போட்டுத் தீர்மானிப்பதன் காரணம் இதுதான். இரண்டாவது பிரிவுக்குக் கிடைப்பது வழக்கமான நல்ல மருந்தா, அல்லது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையா என்பதைக் கட்டாயம் கேட்டறியவேண்டும். முதற் கட்டப் பரிசோதனை என்றால் அதன் நோக்கமே மருந்தின் அளவையும் அபாயத்தையும் கண்டறிவது. அங்கே குணத்தை எதிர்பார்த்துச் சேருவது ஏமாற்றத்துக்கே வழி. அடிக்கடி ஸ்கேன், மறுபடியும் பயாப்ஸி, வெளியூரிலிருந்து வாரந்தோறும் பயணம் ஆகியவையும் அபாயக் கணக்கில் சேரவேண்டியவையே. பயணச் செலவை யார் தருகிறார்கள் என்று கேட்பதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை.

இனி நாமினிக்கு வருகிறேன். நம் நாட்டில் இப்பரிசோதனைகள் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகள், 2019 என்ற சட்டவிதிகளுக்கு உட்பட்டவை. இவற்றுக்கு முன்னோடியாக, இந்தூரைச் சேர்ந்த ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு 2012-ல் உச்ச நீதிமன்றத்தை அணுகி, நோயாளிகளின் சரியான சம்மதம் இன்றி மருந்துகள் சோதிக்கப்படுவதாக முறையிட்டது. அவ்வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2013-ல், நஷ்டஈடு பற்றிய விதி பிறந்தது. பரிசோதனை மருந்தாலோ, பரிசோதனைக்காகச் செய்த செயல்முறையாலோ, திட்டத்தை மீறியதாலோ, கவனக்குறைவாலோ ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் நஷ்டஈடு தரவேண்டும். வழக்கமான சிகிச்சை கைவசம் இருந்தும் அதைக் கொடுக்காமல் வெற்று மாத்திரை கொடுத்ததால் விளைந்த தீங்கும் இதில் அடங்கும். மரணம் நேர்ந்தால் அத்தொகை குடும்பத்தில் யாரைச் சேரவேண்டும் என்பதற்காகவே நாமினியின் பெயர் படிவத்தில் கேட்கப்படுகிறது; வயது, தொழில், வருட வருமானம் முதலிய விவரங்களும் அதோடு கேட்கப்படுகின்றன. ஆகவே அந்தப் பத்தி மரணத்தை எதிர்பார்த்து வைத்த அபசகுனம் அன்று, குடும்பத்தின் உரிமைக்கு வைத்த அத்தாட்சி. அதைக் காலியாக விட்டுக் கையெழுத்திடுவது தவறு.

கடுமையான பாதிப்பு எது நேர்ந்தாலும், ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும், பரிசோதனையை நடத்தும் நிறுவனத்துக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்கவேண்டும். தீங்குக்கும் பரிசோதனைக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபணமாகும் வரையிலோ, தேவை தீரும் வரையிலோ சிகிச்சை இலவசம். நெறிமுறைக் குழு 30 நாளில் அபிப்பிராயம் சொல்லவேண்டும். அதிகாரியின் உத்தரவு வந்த 30 நாளில் பணம் கைக்கு வரவேண்டும். மரணத்துக்குரிய தொகைக்கு அடிப்படை எட்டு லட்சம் ரூபாய். அதை வயதுக்கேற்ற எண்ணாலும், நோயின் நிலைக்கேற்ப 0.5 முதல் 4 வரை உள்ள எண்ணாலும் பெருக்குகிறார்கள். ஆரோக்கியமானவர் இறந்தால் நாலு; ஆறு மாதத்துக்கு மேல் வாழமாட்டார் என்று கருதப்பட்டவர் இறந்தால் அரை. கணக்கின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும், முற்றிய நோயோடு பிறருக்குப் பயன்படட்டும் என்று உடலை ஒப்படைத்தவரின் உயிருக்கு எட்டில் ஒரு பங்கு மதிப்புப் போடும் இந்த விதி திருத்தப்படவேண்டும் என்பதே என் உறுதியான அபிப்பிராயம். நோய் முற்றிய சார்கோமா நோயாளிகளில் சிலர் அந்த அரை என்ற எண்ணின் கீழ் வரக்கூடும். தானாக முற்றும் நோய்க்கு நஷ்டஈடு கிடையாது என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை; மருந்தால் வந்ததா, வியாதியால் வந்ததா என்ற விவாதம் எழும்போது குடும்பத்தின் கையில் இருக்கவேண்டியவை தேதி போட்டு எழுதிய குறிப்புகளும், டிஸ்சார்ஜ் சம்மரியும், கையெழுத்திட்ட படிவத்தின் பிரதியும்.

அந்தப் பிரதி நோயாளிக்குச் சட்டப்படி உரியது. படிவம் அவருக்குப் புரியும் பாஷையில், வைத்தியக் கலைச்சொற்களின் நெரிசல் இல்லாமல் இருக்கவேண்டும். எழுத்தறியாதவர் என்றால் பட்சபாதமற்ற சாட்சி ஒருவர் உடனிருக்கவேண்டும். எளிதில் நிர்ப்பந்தத்துக்கு ஆளாகக்கூடியவர்கள் புத்தம் புதிய மூலக்கூறு ஒன்றின் பரிசோதனையில் சேரும்போது, விளக்கம் சொல்வதும் சம்மதம் பெறுவதும் வீடியோவில் பதிவாகவேண்டும். பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்காகப் பெற்றோர் கையெழுத்திட்டாலும், விவரம் தெரிந்த பிள்ளையின் இசைவைத் தனியே எழுதி வாங்கவேண்டும். நடுவில் எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நின்றுவிடக்கூடாது. மருத்துவமனை ஒவ்வொன்றின் பரிசோதனையையும் அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு வழக்கறிஞரும், ஒரு சாமானியரும், ஒரு பெண்ணும் இருக்கவேண்டும். பாதிப்பேராவது அந்த ஸ்தாபனத்தைச் சாராதவர்களாக இருக்கவேண்டும். அதன் செயலாளரின் தொலைபேசி எண் படிவத்திலேயே இருக்கும். மனக்குறை உள்ளவர் முதலில் அழைக்கவேண்டியது அந்த எண்ணையே.

மருந்து பலித்து, பரிசோதனை முடிந்த மறுநாள் அது நின்றுபோனால் என்ன செய்வது? வேறு மாற்றுச் சிகிச்சை இல்லாத நோயில், அம்மருந்து பயன்தருகிறது என்று ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழுவும் ஒப்பினால், பிறகும் இலவசமாகப் பெற விதிகளில் வழி இருக்கிறது. தானாக வந்து சேரும் சலுகை அன்று இது; சேரும்போதே கேட்டு, எழுத்தில் உண்டா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

உண்மையான பரிசோதனை ஒவ்வொன்றும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில், அதாவது சி.டி.ஆர்.ஐ.யில், நோயாளி சேருமுன் பதிவாகவேண்டும் என்பது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எண்ணும் தராமல், ஸ்டெம் செல் ஊசி என்றும் விசேஷ இம்யூன் சிகிச்சை என்றும் பேர் சொல்லி, 'பரிசோதனையில் சேர' லட்சக்கணக்கில் முன்பணம் கேட்பவர் எவராயினும், அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டு எழுந்து வந்துவிடலாம். சோதனைக்கு உரிய மருந்தை விலைக்கு விற்பது பரிசோதனை ஆகாது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய குடும்பங்களைப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அந்த அம்மாள் அன்று மத்தியானம் கையெழுத்திடவில்லை. "ரெண்டு நாள் டைம் வேணும்னு கேளுங்க, யாரும் கோவிச்சுக்கக் கூடாது, கோவிச்சுக்கிட்டா அது அவங்க தப்பு" என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, படிவத்தை மடிக்காமல் ஒரு பாலித்தீன் பையில் போட்டு எடுத்துப் போனார். மூன்றாம் நாள் அதே பெஞ்சியில் அவர்களைப் பார்த்தபோது, பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் கேள்விகள் எழுதியிருந்தன, பையனின் கையெழுத்து. டாக்டர் கையில் ஃபைலோடு கதவருகே நின்று, "என்ன தம்பி, யோசிச்சீங்களா?" என்றார். பையன் அம்மாவைப் பார்க்காமல், நேராக அவரையே பார்த்து, "குலுக்கல்ல எனக்குப் புது மருந்து வரலேன்னா, அப்ப எனக்கு என்ன டாக்டர் குடுப்பீங்க?" என்று கேட்டான். டாக்டர் ஃபைலை மூடினார். உள்ளேயிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வரச்செய்து, அவன் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.