வேலைக்குப் பக்கத்தில், ஊருக்கு நடுவில்

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை மத்திய கைலாஷில் தொடங்கி தரமணி, பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகச் சிறுசேரியைத் தாண்டிப் போகிறது. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்ட பிறகு மென்பொருள் நிறுவனங்கள் இந்தச் சாலையின் இருபுறமும் எழுந்தன. அங்கே வேலைக்குச் சேருகிறவர்கள் வாடகை வீடு தேடும்போது, அலுவலக வாசலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வேலை முடிந்து திரும்பிய பின் அந்தத் தெருவில் என்ன இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம்.

சாலையோரத்துப் புதிய அடுக்ககங்களில் லிஃப்ட், ஜிம், நீச்சல்குளம் எல்லாம் உண்டு. ஆனால் பல இடங்களில் ஊர் உருவாகும் முன்பே அடுக்ககம் வந்துவிட்டது. கேட்டைத் தாண்டினால் காலி மனைகளும் அகலச் சாலையும்தான். கறிவேப்பிலை வாங்கவும் வண்டியை எடுக்க வேண்டும். பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் மாநகராட்சியோடு இணைந்ததே 2011இல்தான். குழாய்த் தண்ணீர் வராத இடங்களில் லாரித் தண்ணீரின் செலவு மெயின்டெனன்ஸ் கணக்கில் ஏறும். வாடகை குறைவு என்று நினைத்துக் குடிவந்தவருக்கு மாதக் கடைசியில் அது தெரியவரும்.

இதற்கு மாறான இடம் திருவான்மியூர். சம்பந்தரும் அப்பரும் பாடிய மருந்தீஸ்வரர் கோயிலைச் சுற்றி வளர்ந்த பழைய ஊர் இது. கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகள் கார் வருவதற்கு முந்தியவை. அதனால் கடைகளும் வீடுகளும் நடக்கும் தூரத்தில் நெருங்கி நிற்கின்றன. பூக்கடை, காய்கறிக்கடை, மெஸ், மருந்துக்கடை, இஸ்திரி வண்டி என எல்லாம் கைக்கெட்டும். கிழக்கே கடற்கரை இருக்கிறது. 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா 1962 முதல் இங்கேதான் இயங்குகிறது. பறக்கும் ரயில் 2004இல் திருவான்மியூர் வரையும் 2007இல் வேளச்சேரி வரையும் நீண்டது. திருவான்மியூர் நிலையத்துக்கு எதிரிலேயே டைடல் பார்க். ஆக, அங்கே வேலை பார்ப்பவர் ஒரு சாலையைக் கடந்தால் அலுவலகம். மயிலாப்பூருக்கோ கடற்கரை நிலையத்துக்கோ போக நினைத்தால் ரயில்.

இந்தக் கலகலப்புக்கு விலை உண்டு. அதே வாடகைக்கு இங்கே சின்ன வீடுதான் கிடைக்கும், வண்டி நிறுத்த இடமிருக்காது, திருவிழா நாட்களில் தெருவில் சத்தம் ஓயாது. ஆனாலும் தனியாக வாழும் இளைஞருக்கும், இரவு தாமதமாகத் திரும்பும் பெண்ணுக்கும் கடைகள் திறந்திருக்கும் தெரு பெரிய ஹாலைவிட மேலானது. சிறுசேரியில் வேலை பார்ப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. திருவான்மியூர் அவருக்குத் தூரம். பழைய கடைத்தெருவும் பேருந்து வசதியும் உள்ள கேளம்பாக்கத்தை அவர் பார்க்கலாம்.

வேளச்சேரியிலும் ரயிலும் கடைவீதியும் உண்டு. அங்கே கேட்க வேண்டிய கேள்வி மழை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதன் தாழ்வான தெருக்களில் தண்ணீர் தேங்கியது. எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் வந்தது என்பதை புரோக்கரைவிட முனைக்கடைக்காரர் சரியாகச் சொல்வார். எந்தப் பகுதியானாலும் வீட்டைப் பகலில் ஒருமுறையும் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறையும் போய்ப் பார்ப்பது நல்லது. குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்க வேண்டும். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்பாக இருப்பது சாதாரணம். கரண்டுக்குத் தனி மீட்டர் உண்டா, அல்லது ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறாரா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது சென்னையின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். தெரு எவ்வளவு பிடித்துப்போனாலும், அந்தத் தாளில் கையெழுத்தாகும் வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.