கோழிக் கழிச்சல்: கண்ணால் பார்த்த காலமும் மரபணுவை அளக்கும் காலமும்

அன்று, கோடை நெருங்கினாலே தேனி மாவட்டப் பெரியகுளத்து மாந்தோப்புகளில் கோழி வளர்த்தவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, இறக்கை தொங்கி, கழுத்து திருகிய கோழியைக் கண்டதுமே "சீக்கு வந்துருச்சு" என்பார்கள். வெங்காயமும் மஞ்சளும் அரைத்துப் புகட்டுவார்கள். சில நாளில் பஞ்சாரம் காலியாகிவிடும். இந்தியாவில் 1920களில் ராணிக்கேத்தில் கண்டறியப்பட்ட வைரஸ் நோய் அது.

பிறகு தடுப்பூசி வந்தது. அது பலித்ததா என்று அறிய ரத்தத்தில் எதிர்ப்பொருளை அளந்தார்கள். ஆனால் எதிர்ப்பொருள் போதுமான அளவு ஊற நாட்கள் ஆகும். வைரஸ் நுழைந்த முதல் சில மணி நேரத்தில் கோழியின் உடல் என்ன செய்தது என்பதை அந்தச் சோதனை சொல்லாது.

இன்று அதையும் அளக்கலாம். வைரஸை உணர்ந்த செல், தற்காப்புக்கான மரபணுக்களை முடுக்கி ஆர்.என்.ஏ. நகல்களை எடுக்கும். மண்ணீரலிலிருந்து அந்த ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, டி.என்.ஏ.வாக மாற்றி, பி.சி.ஆர். கருவியில் பெருக்குகிறார்கள். பெருகும் நகல்களால் கருவியில் எத்தனை சீக்கிரம் ஒளி தென்படுகிறதோ, அந்த மரபணு அவ்வளவு மும்முரமாக இயங்கியிருக்கிறது. எப்போதும் சீராக இயங்கும் வேறொரு மரபணுவோடு ஒப்பிட்டே கணக்கை முடிப்பார்கள்.

இந்த அறிவியலுக்குக் கோழி கொடுத்தது அதிகம். வைரஸைத் தடுக்கும் இன்டர்ஃபெரான் 1957இல் கரு வளரும் கோழிமுட்டையின் சவ்வில்தான் கண்டறியப்பட்டது. ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் நொதியை 1970இல் ஹோவர்ட் டெமின் கண்டதும் கோழிப் புற்று வைரஸில்தான். கோழியின் மரபணுத் தொகுப்பு 2004இல் வெளியானது.

பலனும் கண்கூடு. பறவைக் காய்ச்சல் வைரஸைச் சுமந்தும் வாத்து பெரும்பாலும் தாங்குகிறது, கோழி சாகிறது. வைரஸை உணரும் ரிக்-ஐ என்ற மரபணு கோழியிடம் இல்லை. வாத்தின் ரிக்-ஐயைக் கோழிச் செல்லில் புகுத்தியபோது இன்டர்ஃபெரான் மரபணு வேகமெடுத்தது, வைரஸ் குறைந்தது. 2010இல் வெளியான ஆய்வு இது.

தேனியில் 2020இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியிருக்கிறது. தோப்பில் மேய்ந்து, வெயிலும் மழையும் பட்டு வளரும் நம் நாட்டுக்கோழியின் தற்காப்பு மரபணுக்களை இங்கேயே அளக்க வேண்டும். எந்த வம்சம் கழிச்சலைத் தாங்குகிறது, எந்தத் தடுப்பூசி அந்த மரபணுக்களை விரைவாக உசுப்புகிறது என்ற விடை வளர்ப்பவரிடம் வந்து சேர வேண்டும். அதுவரை, கோடைக்கு முன் நடக்கும் கால்நடைத் துறைத் தடுப்பூசி முகாமை ஒரு வீடும் தவறவிடக் கூடாது.