விளக்கு வைப்போர்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் படிப்போருள் பலர் மாதவியின் ஆடலைக் காணும் ஆவலில் விரைந்து செல்வர். இளங்கோவடிகளோ விரைவதில்லை. மாதவி அரங்கில் வலக்கால் வைக்கும் முன்பே, ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் தகுதியையும் நிறுத்தி நிதானமாக எடுத்துரைக்கிறார். பின்னர் அரங்கின் அளவைக் கூறுகிறார்: 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். அதன்பின் மூவகைத் திரைகளைச் சொல்லுகிறார். தூண்களின் நிழல் அரங்கில் விழாத வண்ணம் விளக்குகளை நிறுத்தினர் என்பதையும் அவர் மறந்தாரில்லை. அவ்விளக்குகளை இடம் பார்த்து வைத்தவன் யார்? அவன் பெயரைக் காவியம் கூறவில்லை. ஆயினும் அவன் கைத்திறன் இல்லையேல் மாதவியின் முகத்தைச் சோழன் அவை கண்டிராது.

திரைப்பட விழா நடத்துவோரைப் பற்றி எழுத எடுத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவன் அந்தப் பெயரில்லாத மனிதனே. திரைப்பட விழா என்றதும் 1932 இல் தொடங்கிய வெனிசு விழாவும், 1946 இல் தொடங்கிய கான் விழாவும், அவற்றின் செங்கம்பளமும் நடிகையர் அணிவகுப்பும் நம் கண்முன் வருகின்றன. நான் ஈண்டுக் குறிப்பது அவற்றை அன்று. நாலைந்து பேர் கூடி, தம் கைப்பொருளையும் விடுமுறையையும் செலவிட்டு, வணிகப் படமாளிகைகள் காட்டாத படங்களைத் தேடிக் கொணர்ந்து, ஊராருக்குக் காட்டி, அவற்றைக் குறித்து ஊராரைப் பேசவும் வைக்கும் சிறு விழாக்களையே குறிக்கிறேன்.

இவர்கள் செய்யும் பணி புறத்தே எளிதாகத் தோன்றும். நூறு படங்களைப் பார்த்துப் பத்தைத் தெரிவு செய்தல் வேண்டும். தள்ளப்பட்ட தொண்ணூற்றின் ஆசிரியர்களுக்கும் மறுமொழி எழுத வேண்டும். படத்துக்கு உரியவரிடம் இசைவு பெற வேண்டும். நம் நாட்டிற் பொதுக் காட்சிகள் 1912 ஆம் ஆண்டுச் சட்டமொன்றன் கீழ் வருவன. எனவே சான்றிதழுக்கும் அலைய வேண்டும். மண்டபம், மின்சாரம், நாற்காலி, வெளியூர் விருந்தினருக்குப் படுக்கை, யாவற்றையும் இவர்களே பார்க்க வேண்டும். படம் ஓடும்போது மன்றம் முழுதும் திரையை நோக்கியிருக்க, இவர்கள் மட்டும் கதவோரத்தில் நின்று ஒலிபெருக்கியின் இரைச்சலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பர்.

இத்தகையோரைப் பற்றித் தேயிலைத் தோட்டத்து ஆசிரியனொருவன் கவலை கொள்வானேன் என்று அன்பர்கள் வினவலாம். என் மாணவன் ஒருவன் ஒருநாள் கேட்ட கேள்வியே அதற்குக் காரணம். “ஐயா, நம் தோட்டத்தை யார் படம் பிடித்தாலும் கூடையையும் கொழுந்தையும் மட்டுந்தானே பிடிக்கிறார்கள்? கூடையை இறக்கி வைத்த பிறகு அம்மா என்ன செய்கிறாள் என்று ஏன் ஒருவரும் பார்ப்பதில்லை?” என்றான். வகுப்பில் நான் அன்று நல்ல விடையொன்றும் கூறவில்லை.

அவன் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1934 இல் பசில் ரைட் என்னும் ஆங்கிலேயர் ‘சாங் ஒவ் சிலோன்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பொருட்டு எடுக்கப்பட்ட அப்படம் மறு ஆண்டு பிரசெல்சு விழாவிற் பரிசு பெற்றது. உலக ஆவணப்பட வரலாற்றில் இன்றும் சிறப்பிடம் வகிக்கிறது. 17 ஆம் நூற்றாண்டில் இராபட் நொக்சு எழுதிய நூலின் பகுதிகளை லயனல் வெண்ட் தம் குரலிற் படிக்கிறார். வாணிகத்தின் குரல்கள் ஒலிக்கும் பகுதியொன்றும் உண்டு. படத்தின் அழகை நான் மறுப்பவனல்லன். ஆயினும் தேயிலைப் பணத்தில் எழுந்த அப்படத்தில், கொழுந்து பறிப்பவள் தன் வாயால் தன் கதையைச் சொல்லவில்லை. அவள் காட்சியானாள், பேச்சாளியாகவில்லை. அதற்குப் பின் வந்த எத்தனையோ தேயிலை விளம்பரங்களிலும் அவள் நிலை அதுவே.

நம்மவர் படமெடுக்கவில்லையோ எனின், எடுத்தனர். 1960 களின் தொடக்கத்தில் ‘சமுதாயம்’ என்னும் படத்தோடு இலங்கையிற் தமிழ்த் திரைப்பட முயற்சி தொடங்கியது; அதனை அடுத்து வந்ததே மலையகத்தைக் களமாகக் கொண்ட ‘தோட்டக்காரி’. தொழிற்சங்கத் தலைவரான வி. பி. கணேசன் ‘புதிய காற்று’ என்ற படத்தைத் தயாரித்து, 1975 இல் வெளியிட்டார். நல்லன. ஆனால் இன்று நம் பாடசாலை மாணவருள் எத்தனை பேர் இவற்றைக் கண்டிருக்கிறார்கள்? 1983 சூலை வன்செயலில் ஏந்தலையிலிருந்த விஜயா படப்பிடிப்பு நிலையம் எரியூட்டப்பட்டது. பல படங்களின் மூலச் சுருள்கள் அங்கே சாம்பலாயின. தீயாற் போனவை சில. காட்டுவாரும் காப்பாரும் இன்மையால் மறதியிற் போனவையோ பல.

தமிழ் கற்போர்க்கு இது புதிய செய்தியன்று. சங்க நூல்கள் இயற்றப்பட்டதனால் மட்டும் வாழவில்லை. ஏடு தேடுவோர் இருந்தமையால் வாழ்ந்தன. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த சுவடிகளைத் தேடித் திரட்டி, 1887 இற் கலித்தொகையை அச்சிட்டார். உ. வே. சாமிநாதையர் 1892 இற் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்திராவிடின், விளக்கு வைத்தவனைப் பற்றி நான் இன்று எழுதியிருத்தல் இயலுமா? ஏட்டுக்குப் பதிப்பாசிரியன் எப்படியோ, சிறு படத்துக்கு விழா நடத்துவோன் அப்படி. படைப்பவன் ஒருமுறை உயிர் கொடுக்கிறான். காட்டுபவன் அதற்கு வாழ்நாள் கொடுக்கிறான்.

இத்தகையோர் நம் காலத்தில் இல்லாமற் போகவில்லை. மதுரையில் ஆவணப்பட இயக்குநர் அமுதனும் அவருடைய ‘மறுபக்கம்’ அமைப்பினரும் 1998 இல் ஆவணப்பட, குறும்பட விழாவொன்றைத் தொடங்கினர். அமுதன், மதுரைத் தெருவொன்றில் மலம் அள்ளும் பெண்ணின் நாளை அவள் வாய்மொழியோடு பதிவு செய்து, 2003 இற் படமாக வெளியிட்டவர். எந்தப் படமாளிகையும் சீட்டு விற்றுக் காட்டாத பொருள் அது. அதனைக் காட்டுதற்கு இடமில்லை என்று அழுதுகொண்டிராமல், இடத்தையே உண்டாக்கினார்கள். பல்லாண்டுகளாகத் தளராது அவ்விழாவை நடத்தியமையே அவர்களது பெருமை. ஒருமுறை விழா எடுப்பது ஆர்வம்; மறு ஆண்டும் எடுப்பதே தொண்டு.

நம் நாட்டிலேயே யாழ்ப்பாணத்தில் 2015 இற் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கப்பட்டது. போர் முடிந்து ஆறாண்டுகளே கடந்திருந்தன. அதன் இயக்குநராக நின்றவர் அனோமா ராஜகருணா என்னும் சிங்களத் திரைப்படக் கலைஞர். தென்னிலங்கைப் பெண்மணியொருவர் வடக்கில் விழா நடத்த முன்வந்ததும், யாழ்ப்பாணத்தார் அவரோடு கைகோத்ததும் நாம் எண்ணிப் பார்க்கத்தக்கன.

அவ்விழாவுக்குச் சோதனையும் வந்தது. ஜூட் ரட்ணம் என்னும் தமிழ் இயக்குநரின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ என்ற ஆவணப்படம் 2017 இற் கான் விழாவிற் காட்டப்பட்டது. 1983 வன்செயலை நினைவுகூர்ந்து, தமிழ் இயக்கங்களின் செயல்களையும் வினவும் படம் அது. 2018 ஆம் ஆண்டு யாழ்ப்பாண விழாவில் இடம்பெறவிருந்த அப்படம், எதிர்ப்பு எழுந்தபின் விலக்கப்பட்டது. காயம் ஆறா மக்கள்முன் அதனைக் காட்டுதல் தகாது என்றனர் சிலர். காட்டாது விடுதல் கருத்தை முடக்குவதாகும் என்றனர் வேறு சிலர். என் கருத்தைக் கேட்டால், படத்தைக் காட்டி, விளக்கைப் போட்டு, எதிர்ப்போரை முதலிற் பேச அழைத்தலே முறை என்பேன். எனினும் இதனை அட்டனில் அமர்ந்து எழுதுதல் எளிது. அரங்க வாயிலில் நின்று, அனைவர் முகத்தையும் பார்த்து முடிவு செய்தல் வேறு. விழா நடத்துவோர் சுமப்பவற்றுள் நாற்காலியினும் கனமானது இந்த முடிவுதான்.

மலையகத்துக்கு இது புதுத் தொழிலா? அன்று. மாசி மாதத்தில் நம் தோட்டங்களில் நடைபெறும் காமன் கூத்தை நினைத்துப் பாருங்கள். கம்பம் ஊன்றப்பட்டதும் வேடம் ஏற்போர் விரதம் காக்கின்றனர். பகலெல்லாம் மலையேறி உழைத்தவன் இரவில் மன்மதனாகிறான். அவன் தோழன் ரதியாகிறான். தப்பு அடிப்பவன், பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார், பந்தல் போடுபவன், வரி திரட்டுபவன் ஆகிய யாவரும் லயத்து மக்களே. சீட்டில்லை, முதலாளியில்லை. காமன் எரிந்து, ரதி புலம்பி, விடியும்போது பார்த்தவளும் ஆடியவனும் ஒரே பிரட்டுக்களத்துக்குச் செல்கின்றனர். ஆடியவன் பெயரை ஊர் சில நாள் சொல்லும். பந்தல் போட்டவன் பெயரை அதுவும் சொல்லாது. ஆயினும் அடுத்த மாசியில் அவன் மறுபடியும் கழியோடு வந்து நிற்பான். சிறு திரைப்பட விழாவுக்கு வேண்டுவன இப்பழக்கமும் இப்பொறுமையுமே. அவற்றை நாம் எந்நாட்டிலிருந்தும் கடன் வாங்க வேண்டுவதில்லை.

ஆதலின் இதழ் படிக்கும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் சில சொல்ல விரும்புகிறேன். விழாவுக்குக் காலம் மாசியே ஆகுக. அட்டன், மஸ்கெலியா, நோர்வுட் சரிவுகளில் வைகாசி தொட்டுத் தென்மேற்குப் பருவமழை விடாது பொழியும். சனவரி முதல் மார்ச்சு வரை வானம் ஒருவாறு தெளிந்திருக்கும். நேரம், பெண்கள் கொழுந்து நிறுத்துக் கொடுத்து, வீடு வந்து, உலையிறக்கிய பின்னரே ஆதல் வேண்டும். அவர்கள் வர இயலாத விழா அவர்களைப் பற்றியதாயினும் அவர்களுடையதாகாது. இடம், நகரத்து மண்டபம் மட்டுமன்று. கோயில் முன்றிலிற் கட்டிய வெள்ளைத் துணியும் திரையே.

வேற்றுமொழிப் படங்களின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளை நம் முதியோர் எல்லாராலும் விரைந்து படிக்க இயலாது. பேசாப்பட நாளில் தமிழ்நாட்டிலே திரையருகே ஒருவர் நின்று கதையை எடுத்துரைப்பது வழக்கமாயிருந்தது. அப்பணியை நம் தமிழாசிரியர்கள் ஏன் மீண்டும் ஏற்கலாகாது? கூத்திற் கட்டியங்காரன் செய்வதும் அதுதானே.

படங்களுக்கும் பஞ்சமில்லை. மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவையொட்டி, 2023 சூலையிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி ஒரு நெடும்பயணம் புறப்பட்டது. முன்னோர் காட்டு வழியே நடந்துவந்த துயரத்தைப் பேரர்கள் தம் கால்களால் மீட்டுணர்ந்தனர். அந்நடையைக் கைபேசிகளிற் பதிவு செய்தோர் பலர். அக்காட்சிகள் இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் தனித்தனியே கிடக்கின்றன. கைபேசி பழுதானால் அவையும் போம். திரட்டி, ஒழுங்கு செய்து, நடந்தவர் முன்னிலையிலேயே காட்டுவதற்கு நாலு பேர் முன்வந்தால் அதுவே முதல் விழா.

கூலிக்கும் குடியிருப்புக்கும் போராடும் மக்களுக்குப் படம் ஒரு குறையா என்று கேட்போர் உளர். கேள்வி நேர்மையானது. வீட்டுக்குக் கூரை வேண்டும் என்பதை நான் மறப்பவனல்லன். ஆனால் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியபோது, நாம் யார் என்பதைப் பிறர் எழுதினார்கள். நாம் கையொப்பமிட்டோம் அல்லது பெருவிரல் வைத்தோம். தன்னைப் பற்றிய செய்தியைத் தானே சொல்லத் தெரிந்த மக்களை அவ்வாறு எளிதில் எழுதிவிட முடியாது. திரையில் தன் லயத்தைத் தன் மகன் காட்டியபடி பார்க்கும் தாய், “இஃது இப்படியில்லை, இன்னொன்று விடுபட்டது” என்று எழுந்து சொல்வாளாயின், அவள் அன்று பேச்சாளியாகிறாள்.

என் மாணவனின் கேள்விக்கு நான் தாமதித்துக் கூறும் விடை இதுவே: தம்பி, கூடையை இறக்கியபின் அம்மா என்ன செய்கிறாள் என்பதை நீ படமாக எடு. அதனை அம்மா காணுமாறு விளக்கு வைக்கச் சிலரை நாங்கள் சேர்த்து வைக்கிறோம். தூணின் நிழல் அவள் முகத்தில் விழாமற் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.