பேர் ஒன்றானது, பொழுது ஒன்றாகவில்லை

இலங்கை மலையகத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். காலையில் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய், செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பதிந்து, சொன்ன வேலையை முடித்தால் ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். "இந்த மாசம் எத்தன பேர் விழுந்துச்சு?" என்பதுதான் சம்பள நாளில் லயம் எனும் வரிசை வீடுகள் தோறும் கேட்கிற கேள்வி. அந்தப் பேருக்கு ஆண் என்றால் ஒரு விலை, பெண் என்றால் இன்னொரு விலை என்று இருந்தது. 1984 வரை சட்டமே அப்படித்தான் வைத்திருந்தது.

இன்று மலையில் கொழுந்து பறிக்கும் இளம்பெண்ணிடம் இதைச் சொன்னால் நம்பச் சிரமப்படுவாள். தன் பாட்டி ஆணை விடக் குறைந்த கூலிக்கு அதே மலையில் ஏறி இறங்கினாள் என்பது அவளுக்குப் பழங்கதை. ஆனால் அந்தப் பாட்டியின் நாளையும் பேத்தியின் நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கூலி மாறிய அளவுக்கு நாள் மாறவில்லை என்பது தெரியும்.

ஐம்பத்து நான்கு, நாற்பத்து மூன்று, முப்பத்திரண்டு

கோப்பிக் காலத்தில் மலைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வந்து, முடிந்ததும் கடல் தாண்டித் திரும்பிப் போனார்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலை வருடம் முழுவதும் துளிர்ப்பது. ஒரு மலையில் பறித்துவிட்டுப் போனால் ஏழெட்டு நாளில் மறுபடி அதே மலைக்கு வர வேண்டும். அதற்கு நிலையாகத் தங்கும் ஆட்கள் வேண்டும், நிறைய விரல்கள் வேண்டும், குறைந்த கூலிக்கு வேண்டும். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து ஆள் சேர்த்து மேற்பார்த்த கங்காணிமார் குடும்பம் குடும்பமாக ஆள் கட்டி வந்தது அதற்காகத்தான். கொழுந்து பறிப்பது பெண்ணின் வேலை ஆயிற்று.

1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. தோட்டக் கூலிக்கு முதன்முதலாகச் சட்டத்தின் காவல் கிடைத்தது என்ற வகையில் அது பெரிய காரியம். அந்தச் சட்டத்தின் கீழ் உயர் மலைத் தோட்டங்களுக்கு விதித்த நாட்கூலி இது: ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம்.

இந்த மூன்று எண்களையும் சற்று நேரம் பாருங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் 11 சதம். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இடையிலும் அதே 11 சதம். ஆணுக்கும் சிறுபிள்ளைக்கும் சரி நடுவில் பெண்ணை நிறுத்தி வைத்தது அரசு. குடும்பத்தைக் காப்பவன் ஆண், பெண் கூட நின்று உதவுபவள், அவள் வேலை இலேசான வேலை என்ற எண்ணம் அந்த எண்களுக்குள் உட்கார்ந்திருந்தது. 1941இல் சம்பள நிர்ணய சபைச் சட்டம் வந்த பிறகும் ஆண், பெண், பிள்ளை என்ற மூன்று கட்டங்கள் கலையவில்லை.

அன்று அவளுடைய நாள்

அந்த 'இலேசான வேலை' எப்படி இருந்தது?

விடியுமுன் தப்புச் சத்தம் கேட்கும். அதற்கும் முன்பே அவள் எழுந்திருப்பாள். அடுப்புப் பற்றவைத்து, தேத்தண்ணி ஊற்றி, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, தண்ணீர் பிடித்து, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் (குழந்தைக் காப்பகத்தில்) விட்டுவிட்டுப் பெரட்டுக்களத்துக்குப் போக வேண்டும். பிந்திப் போனால் விரட்டிவிடுவார்கள். அன்றைக்குப் பேர் இல்லை.

பிறகு மலை. இடுப்பில் படங்கு, தலையில் கயிறு, முதுகில் கூடை. நிரை பிடித்து நின்று, இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கிள்ளிக் கிள்ளித் தோளுக்கு மேலே கூடைக்குள் போட வேண்டும். காலில் அட்டை ஏறும். மழை பெய்தால் கூடையும் கனக்கும், உடுத்ததும் கனக்கும். நிறைந்த கூடையோடு செங்குத்துச் சரிவில் இறங்கிக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்தால், நிறுக்கும்போது தண்ணீருக்குக் கொஞ்சம், கூடைக்குக் கொஞ்சம் என்று கழிவு. கழிவை அடித்தவர் ஆண், நிறுத்தவர் ஆண், எழுதியவர் ஆண், அவளை மேய்த்த கங்காணி ஆண். பெரிய கங்காணியின் காலத்தில், பெரட்டுக்கு வரும் தலை ஒவ்வொன்றுக்கும் கங்காணிக்குக் காசு உண்டு. அவள் காய்ச்சலோடு வந்தாலும் வரவு அவருக்கு.

சம்பள நாளில் அவளுடைய பணத்தைக் கணவனோ தகப்பனோ வாங்கிக்கொள்வது வழக்கமாக இருந்தது. ஐந்தில் நான்கு பங்கு கூலிக்கு வேலை செய்தவள், அந்த நான்கு பங்கையும் கையில் வாங்கிப் பார்க்காமலே வாழ்ந்து முடித்த தோட்டங்கள் உண்டு.

கேட்கத் தொடங்கிய குரல்

இதையெல்லாம் அவர்கள் வாய்மூடிச் சகித்தார்கள் என்று எழுதுவது அநியாயம். 1930களில் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளரைத் திரட்டிய கோ. நடேசய்யரோடு அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளும் மேடைக்கு மேடை போனார். கூட்டம் தொடங்குமுன் தொழிலாளரின் துயரத்தைப் பாட்டாகக் கட்டிப் பாடுவார். அவற்றைப் புத்தகமாகவும் அச்சிட்டார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பாட்டுத்தான் பத்திரிகை. லயத்திலிருந்து பெண்கள் குழந்தைகளோடு வந்து கேட்டார்கள் என்றால், முன்னால் நின்று பாடியவர் ஒரு பெண் என்பதும் காரணம்.

பிறகு சம கூலி கிடைக்க ஏன் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது? முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. நாடு இல்லாதவருக்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவரின் கூலியைப் பற்றிப் பாராளுமன்றம் எதற்குக் கவலைப்படும்? 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. உறவுகள் பிரிந்தன, குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறின. இருப்பதா போவதா என்பதே தெரியாத வீட்டில், பெண்ணின் 11 சதம் கடைசிக் கேள்வியாகத்தான் இருந்தது. எழுபதுகளில் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. முதலாளி மாறினாலும் செக்ரோலில் ஆணுக்கொரு விலை, பெண்ணுக்கொரு விலை என்பது மாறவில்லை.

1984

தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறையில் மலையகமும் எரிந்தது. அது நடந்து ஒன்பது மாதம்கூட ஆகாத நிலையில், 1984 ஏப்ரலில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதில் முன்னின்ற இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அப்போது அமைச்சரவையில் இருந்தவர். தான் அங்கம் வகித்த அரசின் தோட்டங்களையே அவர் நிறுத்த வேண்டியிருந்தது.

அந்தச் சமயம் உலகச் சந்தையில் தேயிலை விலை உயர்ந்திருந்தது. கொழுந்து ஒரு வாரம் பறிபடாமல் நின்றால் முற்றிப்போகும். முற்றிய இலை ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) உதவாது. பறிக்கும் கைகள் யாருடையவை? பெண்களுடையவை. 'இலேசான வேலை' என்று மதிப்பிட்ட அதே வேலை நின்றதும் தொழிலே நின்றது. கூலி உயர்ந்தது. அதோடு ஆண், பெண் என்ற இரண்டு விலையும் ஒழிந்தது. 1927ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்து எண்ணினால் 57 ஆண்டுகள். ஒரு தலைமுறைப் பெண்கள் முழுவதும் குறைந்த கூலியில் பிறந்து, பறித்து, செத்துப்போன காலம் அது.

அந்த வெற்றியைச் சிறிதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாட்டின் மற்றத் தொழில்கள் பலவற்றில் பெண்ணுக்குக் குறைந்த கூலி நடந்துகொண்டிருந்தபோது, மிகவும் ஒடுக்கப்பட்ட, பலருக்கு வாக்கே இல்லாத பெண்கள் சம கூலியைப் பெற்றார்கள். சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையை இலங்கை ஏற்றுக் கையொப்பமிட்டது 1993இல்தான். தோட்டத்துப் பெண்கள் நாட்டுக்கு ஒன்பது வருடம் முந்திக்கொண்டார்கள்.

இன்று அவளுடைய நாள்

இப்போது பேத்தியின் நாளைப் பார்ப்போம். 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. இரண்டிலும் ஆண் என்றோ பெண் என்றோ ஒரு சொல் இல்லை. காகிதத்தில் எல்லாம் சரி.

மலையில்? ஆண்களுக்குக் கவ்வாத்து (செடி வெட்டுதல்), கான் (வடிகால்) வெட்டு, புல்லு வெட்டு, மருந்தடிப்பு போன்ற வேலைகள். இத்தனை செடி, இவ்வளவு தூரம் என்று அளந்து கொடுப்பார்கள். முடித்தால் பேர். பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கெல்லாம் பலர் முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். கவ்வாத்துக் கத்தி பிடிப்பதும் மருந்துத் தாங்கியைச் சுமப்பதும் கடினமான வேலை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வேலைக்கு ஒரு முடிவு உண்டு. கொழுந்துக்கு முடிவு இல்லை. பெண் மாலை நான்கரை, ஐந்து வரை நிரையில் நிற்கிறாள். அதற்கு மேல் மடுவத்தில் நிறுவைக்குக் காத்திருக்கிறாள். 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டம் கேட்கும் அளவு வராவிட்டால் அரைப் பேர். சம்பளம் 1,000 ரூபாய் ஆன பிறகு கேட்கும் கிலோவை ஏற்றிய தோட்டங்கள் பல. ரூபாயை ஒரு கையால் கொடுத்து, கிலோவால் மறு கையில் வாங்கிக்கொள்ளும் கணக்கு இது.

அவன் வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் கழித்து அவள் வருகிறாள். வந்தவுடன் அடுப்பு, தண்ணீர், துணி, பிள்ளை. இரண்டு பேருக்கும் ஒரே பேர், ஒரே சம்பளம். மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால், 1984இல் ஒழிந்ததாக நாம் நினைத்த அந்தப் பழைய வித்தியாசம் அப்படியே திரும்பி வந்து நிற்கிறது. கூலி சமமாயிற்று, நாள் சமமாகவில்லை.

இன்னொரு மாற்றமும் நடக்கிறது. சில தோட்டங்கள் பேர் முறையையே விட்டுவிட்டு, தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கிலோவுக்குக் காசு என்ற வெளிவாரி முறைக்குப் போகின்றன. அங்கே நாட்சம்பளமும் சேமலாப நிதியும் என்ன ஆகும் என்று தொழிலாளர்கள் கேட்கிறார்கள். நான் இன்னொன்றும் கேட்கிறேன்: அந்தச் செடிகள் யார் பெயரில் பதியப்படுகின்றன? ஆணின் பெயரில் என்றால், பறிப்பவள் மறுபடியும் 'கூட நின்று உதவுபவள்' ஆகிவிடுவாள். 43 சதமாவது அவள் பெயரில் எழுதப்பட்டது.

மூணாறு சொன்ன பாடம்

கடலுக்கு இந்தப் பக்கம், கேரளத்து மூணாற்றில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோரும் தமிழ்ப் பெண்கள்தான். இந்தியாவில் சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆயினும் 2015 செப்டம்பரில், 20 சதவீதமாக இருந்த போனசை நிர்வாகம் 10 ஆகக் குறைத்தபோது அந்தப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பேச வந்த தொழிற்சங்க ஆண் தலைவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. இத்தனை வருடம் எங்களுக்காக நீங்கள் பேசியது போதும் என்பதே அதன் பொருள். ஒன்பது நாள் மறியலுக்குப் பிறகு 20 சதவீதம் கிடைத்தது. அடுத்த மாதம் 232 ரூபாயாக இருந்த நாட்கூலி 301 ஆனது.

சட்டத்தில் சமம் என்று எழுதிய பிறகும், பேச்சு மேசையில் பெண் இல்லாவிட்டால் அவளுடைய கணக்கு விட்டுப்போகும். மலையகத்திலும் அதுதான் நடந்திருக்கிறது. சங்கச் சந்தா கட்டுபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கூட்டு ஒப்பந்தங்கள் பேசப்பட்ட மேசைகளில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதனால்தான் பேச்செல்லாம் ரூபாயைப் பற்றியே இருந்தது; பொழுதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இனிக் கேட்க வேண்டியது

ஆகவே மலையகத் தொழிற்சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சம்பளப் பேச்சில் ரூபாயோடு நேரத்தையும் வையுங்கள். ஆணுக்கு அளந்து கொடுத்த வேலை எத்தனை மணிக்கு முடிகிறதோ, பெண்ணுக்குக் கேட்கும் கிலோவும் அத்தனை மணிக்குள் பறிக்கக்கூடியதாக இருக்கட்டும். தராசில் அடிக்கும் கழிவு எவ்வளவு, எதற்கு என்பது எழுத்தில் இருக்கட்டும். கங்காணி வேலைக்கும் கணக்கு எழுதும் வேலைக்கும் பெண்களை எடுக்கட்டும். அவள் சம்பளம் அவள் கைக்கே வரட்டும். பேச்சு மேசையில் பாதி நாற்காலி அவளுக்கு இருக்கட்டும்.

54க்கும் 43க்கும் இடையில் இருந்த 11 சதத்தை ஒழிக்க 57 ஆண்டுகள் ஆயின. பகல் இரண்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இடையில் இருக்கும் இந்த மூன்று மணி நேரத்தை ஒழிக்க இன்னொரு 57 ஆண்டுகள் ஆகக் கூடாது.