ஹோவர்டில் மூன்று வருடம்

ஹோவர்ட் பல்கலைக்கழகம் பற்றி எதையாவது எழுதி நண்பர்களுக்கு அனுப்பினால் பாதிப் பேர் ஹார்வர்ட் என்று படித்துவிட்டுப் பதில் போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. ஹார்வர்ட் இருப்பது பாஸ்டன் பக்கத்தில். ஹோவர்ட், அடிமை முறை ஒழிந்த கையோடு 1867-ல் வாஷிங்டனில் தொடங்கப்பட்ட கறுப்பினப் பல்கலைக்கழகம். சரியாகப் படித்தவர்களும் அடுத்து கேட்பது ஒரே கேள்வி: "அதான் இப்ப யாரு வேணாலும் எங்க வேணாலும் சேரலாமே, கறுப்பர்களுக்குன்னு தனியா எதுக்கு?"

நியாயமான கேள்விதான். புள்ளிவிவரத்தோடு பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், எடுபடவில்லை. அதனால் இந்த முறை ஒரு மாணவியின் மூன்று வருடங்களைச் சொல்கிறேன். பெயர் பாலி மர்ரி. 1941 முதல் 1944 வரை ஹோவர்ட் சட்டப் பள்ளியில் படித்தார். அமெரிக்காவில் சட்டம் என்பது இளங்கலை முடித்த பிறகு படிக்கும் படிப்பு.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1964-க்கு முன் நிறுவப்பட்டு, கறுப்பின மக்களின் கல்வியை முதன்மை நோக்கமாகக் கொண்ட கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் 1965-ம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் தனி வகையாக வரையறுக்கிறது. சுருக்கமாக எச்.பி.சி.யு. என்பார்கள். இன்று சுமார் 100 இருக்கின்றன. மற்றவர்களும் சேரலாம், சேர்கிறார்கள். இந்த நிறுவனங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இளங்கலைப் பக்கமே போகும்: பேண்டு வாத்தியம், கால்பந்து, விடுதி வாழ்க்கை. மேற்படிப்பின் கதை வேறு, கொஞ்சம் அசிங்கமான கதை.

தென் மாநிலங்கள் கறுப்பின மாணவர்களுக்கு என்று தனிக் கல்லூரிகள் நடத்தின. ஆனால் அங்கே ஆசிரியர் பயிற்சி, விவசாயம், கைத்தொழில் இவற்றோடு பெரும்பாலும் நிறுத்திக்கொண்டன. சட்டமோ முனைவர் பட்டமோ படிக்க வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றால்? பல மாநிலங்கள் ஒரு வழி கண்டுபிடித்தன. "வேற மாநிலத்துல போய்ப் படி, ஃபீஸை நாங்க கட்டறோம்." தன் மக்களில் ஒரு பகுதியினரை எல்லைக்கு வெளியே அனுப்ப அரசாங்கமே காசு கொடுத்தது.

லாயிட் கெய்ன்ஸ் என்பவர் இதை எதிர்த்து மிசூரி மாநிலத்தின் மீது வழக்குப் போட்டார். வெள்ளையருக்குச் சட்டக் கல்வி தருகிற மாநிலம் கறுப்பருக்கும் தன் எல்லைக்குள்ளேயே அதைத் தர வேண்டும் என்று 1938 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காக மிசூரி பல்கலைக்கழகம் கதவைத் திறந்துவிடவில்லை. மாநிலம் அவசர அவசரமாகக் கறுப்பின லிங்கன் பல்கலைக்கழகத்தின் பெயரில் செயின்ட் லூயிஸில் ஒரு சட்டப் பள்ளியை ஆரம்பித்தது. கெய்ன்ஸ் 1939 மார்ச்சில் சிகாகோவில் ஒரு நாள் வெளியே போனார், திரும்பி வரவேயில்லை. என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது.

இதே கதை மற்ற இடங்களிலும் நடந்தது. டெக்சாஸில் ஹீமன் ஸ்வெட் என்பவர் வெள்ளையர் சட்டப் பள்ளியில் இடம் கேட்டு வழக்காடிக்கொண்டிருந்தபோதே, 1947-ல் ஹூஸ்டனில் கறுப்பர்களுக்கு என்று ஒரு பல்கலைக்கழகத்தை மாநிலம் உருவாக்கியது. இன்றைய டெக்சாஸ் சதர்ன் அதுதான். அங்கே மேற்படிப்புத் துறைகள் பிறந்ததற்குக் காரணம் வழக்கைத் தட்டிக்கழிக்க வேண்டும் என்கிற அவசரம். அப்படிப் பிறந்த துறைகளில் பின்னால் நல்ல வக்கீல்களும் ஆய்வாளர்களும் வந்தார்கள் என்றால், அந்தப் பெருமை உள்ளே இருந்தவர்களுக்குத்தான்.

சரி, வெள்ளையர் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால்? ஓக்லஹோமாவில் ஜார்ஜ் மெக்லாரின் கோர்ட் மூலம் முனைவர் படிப்பில் சேர்ந்தார். வகுப்பறையை ஒட்டிய தனி அறையில் உட்கார வைத்தார்கள். நூலகத்தில் தனி மேசை, கேன்டீனில் தனி மேசை, சாப்பிடவும் தனி நேரம். 1950-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. மேற்படிப்பில் பாதி, சக மாணவர்களோடு வாக்குவாதம் பண்ணுவதில்தான் நடக்கிறது. ஆய்வு மாணவராக இருந்த யாருக்கும் அந்தத் தனி மேசை என்னவென்று புரியும்.

பாலி மர்ரி நார்த் கரோலைனாவின் டர்ஹம் நகரில் வளர்ந்தவர். 1938-ல் நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தார். கெய்ன்ஸ் தீர்ப்பு வந்த அதே வாரத்தில், அவருடைய இனத்தவரைச் சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது. இதில் ஒரு குடும்பக் கதையும் உண்டு. அவருடைய பாட்டியின் தாய் ஒரு வெள்ளைக் குடும்பத்தில் அடிமையாக இருந்தவர். பாட்டிக்குத் தகப்பன் அந்த வீட்டு மகன். அந்த மகனின் தகப்பன் இதே பல்கலைக்கழகத்தின் அறங்காவலராக இருந்தவர். தன் முப்பாட்டனார் நிர்வகித்த இடத்தில் எள்ளுப்பேத்திக்கு இடமில்லை.

சட்டம் படிக்கும் எண்ணம் அவருக்கு வந்தது ஒரு மரண தண்டனைக் கைதியால். வர்ஜீனியாவில் ஓடெல் வாலர் என்ற குத்தகை விவசாயி, நில உரிமையாளரைச் சுட்டதற்காகத் தண்டிக்கப்பட்டிருந்தார். அவருக்காக நிதி திரட்டப் போன இடத்தில் ஹோவர்ட் பேராசிரியர் லியோன் ரான்சமைச் சந்தித்தார் மர்ரி. அந்தப் பழக்கம் உதவித்தொகையோடு சட்டப் பள்ளியில் கொண்டுபோய் விட்டது. முதல் வருடம் முடிந்த கோடையில், 1942 ஜூலையில், வாலர் தூக்கு மேடை ஏறவில்லை, மின்சார நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டார்.

அன்றைய ஹோவர்ட் எப்படிப்பட்ட இடம்? 1929-க்குப் பிறகு சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் அந்தச் சட்டப் பள்ளியைத் தலைகீழாக மாற்றியிருந்தார். பகலில் வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்கான மாலை வகுப்புகளை மூடி, முழுநேரப் பள்ளியாக்கினார். 1931-ல் அங்கீகாரம் கிடைத்தது. வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்களின் வழி அடைபட்டதால் அப்போது எதிர்ப்பும் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. ஆனால் 1933-ல் முதல் மாணவராக வெளியே வந்த தர்குட் மார்ஷலைப் பார்த்தால் ஹூஸ்டனின் திட்டம் தெரியும். இனப் பாகுபாட்டைச் சட்டத்தால் உடைக்கும் ஒரு படையை அவர் தயார்பண்ணிக்கொண்டிருந்தார். உச்ச நீதிமன்றத்தில் வாதிடப் போகும் வழக்குகளை அந்தப் பள்ளியில்தான் ஒத்திகை பார்த்தார்கள். வேறு எங்கே சட்டம் படித்திருந்தாலும் மாணவர்களுக்கு அது கிடைத்திருக்காது.

மற்ற துறைகளிலும் ஆசிரியர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் எல்பர்ட் காக்ஸ், 1929 முதல் ஹோவர்டில். புள்ளியியல் மேதை டேவிட் பிளாக்வெல் 1944-ல் வந்தார். பெர்க்லியில் அவருக்கு வேலை கொடுக்கும் பேச்சு நடந்து, இனத்தைக் காரணமாக்கிக் கைவிட்டிருந்தார்கள். 1954-ல்தான் அங்கே போனார். இதைப் பாராட்டாகச் சொல்வதா, வருத்தமாகச் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. நாடு முழுக்கக் கதவை அடைத்ததால் ஒரே வளாகத்தில் அத்தனை அறிவும் குவிந்தது.

அப்படிப்பட்ட இடத்தில் மர்ரி முதல் நாள் வகுப்புக்குப் போகிறார். அந்த வகுப்பில் அவர் ஒருத்திதான் பெண். பெண்கள் எதற்குச் சட்டம் படிக்க வருகிறார்கள் என்று தனக்குத் தெரியவில்லை என்று ஒரு பேராசிரியர் சொல்ல, வகுப்பே சிரித்தது. பிறகு ஓர் அறிவிப்பு: சட்ட மாணவர் சங்கத்தின் விருந்து, ஆண் மாணவர்களுக்கு மட்டும். நடப்பது அவரைக் கூட்டி வந்த அதே ரான்சம் வீட்டில். போய்க் கேட்டால், வேண்டுமானால் நீங்கள் பெண்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பித்துக்கொள்ளுங்களேன் என்றார் அவர். "வேணும்னா தனியா ஒண்ணு வச்சுக்கோங்க" என்பது மிசூரியும் டெக்சாஸும் சொன்ன பதில்தான். சொன்னவர் அந்தப் பதிலை எதிர்த்துக் கோர்ட்டில் வாதாடுபவர்.

இனப் பாகுபாட்டுச் சட்டங்களை 'ஜிம் குரோ' என்பார்கள். மர்ரி இதற்கு 'ஜேன் குரோ' என்று பெயர் வைத்தார். கறுப்பினப் பல்கலைக்கழகத்துக்குள் வந்த பிறகு இனம் ஒரு தடையாக இல்லை, அதனால் பெண் என்கிற தடை மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. நான் ஆய்வுக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மூத்தவர் ஒருவர், "கல்யாணம் ஆனா பாதியில விட்டுட்டுப் போயிடுவீங்கம்மா, எதுக்கு ஒரு சீட்டை அடைச்சுக்கறீங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மர்ரியின் சுயசரிதையில் இந்தப் பகுதியை நான் இரண்டு முறை படித்தது அதனாலாக இருக்கலாம்.

1943-ல் போர் காரணமாகப் பையன்கள் பலர் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். வளாகத்தில் பெண்களே அதிகம். வாஷிங்டன் ஓட்டல்களில் கறுப்பர்களுக்குச் சாப்பாடு கிடையாது. காந்தியின் சத்தியாகிரகத்தைப் பற்றி மர்ரி ஏற்கெனவே படித்திருந்தார். மாணவிகள் ஏப்ரலில் 'லிட்டில் பேலஸ்' என்ற ஓட்டலுக்குப் போய் உட்கார்ந்தார்கள். பரிமாற மறுத்தவுடன் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்கள். சில நாட்களில் முதலாளி இறங்கி வந்தார். அடுத்த வருடம் 'தாம்ப்சன்' ஓட்டலிலும் அன்று மாலையே சாப்பாடு வந்தது. 1960-ல் கிரீன்ஸ்பரோவில் நடந்த உள்ளிருப்புப் போராட்டம்தான் எல்லாருக்கும் தெரியும். இது 16, 17 வருடம் முந்தியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். போராட்டத்தை நிறுத்தச் சொன்னது ஓட்டல்காரர் இல்லை, பல்கலைக்கழக நிர்வாகம். ஹோவர்டின் செலவில் பெரும்பகுதி காங்கிரஸ் ஒதுக்கும் பணம், அதை ஒதுக்கும் இடத்தில் தென் மாநில உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாணவிகளுக்கு ஆத்திரம். நிர்வாகத்தை என்னால் முழுசாகத் திட்டவும் முடியவில்லை, அடுத்த வருடச் சம்பளம் போட வேண்டியவர்கள் அவர்கள்.

அந்தக் கயிறு இன்னும் அறுபடவில்லை. நிலக்கொடைத் திட்டத்தின் கீழ் உள்ள கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு, அதே மாநிலத்தின் வெள்ளையர் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டால், முப்பது வருடங்களில் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைவாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று 2023-ல் மத்திய அரசு 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதியது. ஆய்வு மாணவருக்கு இது எப்படி வந்து சேரும் என்றால், ஆய்வு நிதி இல்லாத இடத்தில் உதவித்தொகை இல்லை. உதவித்தொகை இல்லாவிட்டால் வெளியே வேலை, பட்டம் இழுத்துக்கொண்டே போகும். இன்னொரு தந்திரமும் உண்டு. மேரிலாந்தில் கறுப்பின மார்கன் ஸ்டேட்டில் எம்.பி.ஏ. இருக்கும்போதே, பக்கத்திலேயே வேறு இரு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு எம்.பி.ஏ. நடத்த 2005-ல் மாநிலம் அனுமதித்தது. ஒரு துறை நன்றாக ஓடினால் அதையே பக்கத்தில் இன்னொன்று வைத்து மாணவர்களை இழுத்துக்கொள்வது. இதுபோன்ற நகல்களை எதிர்த்து 2006-ல் தொடங்கிய வழக்கு, 2021-ல் 57.7 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது.

ஹோவர்ட் தன் முதல் முனைவர் பட்டத்தையே 1950-களில்தான் கொடுத்தது, வேதியியலில். 2025-ல் கார்னகி வகைப்பாட்டின் மிக உயர்ந்த ஆராய்ச்சிப் பிரிவுக்கு வந்தது. ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஆராய்ச்சிச் செலவும் 70 ஆய்வுப் பட்டங்களும் அதற்குத் தேவை. அந்தப் பட்டியலில் உள்ள ஒரே கறுப்பினப் பல்கலைக்கழகம் இதுதான்.

மர்ரியின் கடைசி வருடத்துக்கு வருகிறேன். அப்போது வக்கீல்களின் உத்தி, தனித்தனியாக வைத்தாலும் சமமாக வை என்று கேட்பது. கெய்ன்ஸ் வழக்கு ஜெயித்தது அப்படித்தான். தனியாகப் பிரிப்பதே சட்ட விரோதம் என்று நேராக அடிக்க வேண்டும் என்றார் மர்ரி. வகுப்பில் சிரித்தார்கள். 25 வருடத்துக்குள் அந்தப் பழைய பிளெஸ்ஸி தீர்ப்பு கவிழும் என்று பேராசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனிடம் 10 டாலர் பந்தயம் கட்டினார். தன் வாதத்தைக் கருத்தரங்குக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தார்.

1944-ல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். அடுத்து மேற்படிப்புக்கு ஹார்வர்டில் விண்ணப்பித்தார். இந்த முறை காரணம் இனம் இல்லை, பெண் என்பதால் மறுத்தார்கள். அங்கே படித்தவரான ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பரிந்துரைத்தும் பலிக்கவில்லை. பெர்க்லிக்குப் போனார். ஹார்வர்ட் சட்டப் பள்ளி பெண்களைச் சேர்த்தது 1950-ல்.

பிளெஸ்ஸி தீர்ப்பின் அடித்தளத்தை 1954-ல் பிரவுன் வழக்கு உடைத்தது. 25 வருடம் தேவைப்படவில்லை, 10 போதுமானதாக இருந்தது. 1963-ல் மர்ரி ஏதோ வேலையாக ஹோவர்ட் பக்கம் வந்தபோது ராபின்சன்தான் விஷயத்தைச் சொன்னார். பிரவுன் வழக்குக்குத் தயாரானபோது அவருடைய பழைய கட்டுரையைத் தேடி எடுத்து, வக்கீல்கள் குழு பயன்படுத்தியிருக்கிறது. அதுவரை அவருக்கு அது தெரியவே தெரியாது.